கழுதை வரைந்த ஓவியம்... வேடிக்கை பார்த்த பாரிஸ்! கேலிக்குப் பிறந்த கலை இயக்கங்களின் கதை

தெனாலிராமன் கதைகளில் ஓவியம் பற்றி ஒன்று உண்டு. அரண்மனையில் புதிதாக மாட்டிய படத்தில் ஒரு மனிதர் பக்கவாட்டில் நிற்கிறார். "இவருடைய இன்னொரு பக்கம் எங்கே?" என்று ராமன் கேட்கிறான். "அதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். இதுகூடத் தெரியாதா?" என்று ராஜா சிரிக்கிறார். சபையும் சேர்ந்து சிரிக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ராமன் தூரிகையைக் கையில் எடுக்கிறான். அரண்மனைச் சுவரெங்கும் அங்கே ஒரு விரல், இங்கே ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு காது. "என்னடா இது, மிச்சம் எங்கே?" என்று ராஜா கோபத்தில் கத்த, ராமன் அமைதியாகச் சொல்கிறான்: "அதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும் ராஜா!"

இந்தக் கதைக்குச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? ஆனால், இதே காட்சி இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. லீவுக்கு ராஜபாளையம் வந்த பேத்தி, மொபைலில் ஒரு நவீன ஓவியத்தைக் காட்டுகிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கும் தாத்தா, "இதையா கோடி ரூபாய்க்கு வாங்கினாங்க? நம்ம வீட்டுப் பொடியனே வரைவானே!" என்கிறார். "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்று பேத்தி சொல்ல, பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

'நமக்குப் புரியாது' என்ற அந்தக் கூச்சத்தை வைத்து விளையாடியவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். சும்மா சிரிப்பதற்காகப் புதுப்புது 'இசங்களை' உருவாக்கிய ஓவியர்கள், எழுத்தாளர்கள், கலைக்கல்லூரி மாணவர்கள். அவர்களில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பது மனிதரே இல்லை. ஒரு கழுதை!

கழுதைக்குத் தெரியுமா தூரிகை வாசனை?

ஆண்டு 1910. பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் 'லபான் அஜில்' என்றொரு மதுக்கடை. காசில்லாத ஓவியர்களும் கவிஞர்களும் கூடுகிற இடம். இளைஞர் பிக்காசோகூட அங்கே வந்து போனவர்தான். கடை நடத்திய ஃபிரெடே என்பவர் ஒரு கழுதை வளர்த்தார். அதன் பெயர் லோலோ.

அந்தக் கூட்டத்தில் ரோலான் தொர்ஜெலெஸ் என்று 24 வயது எழுத்தாளர் ஒருவர். வாரத்துக்கு ஒரு புதுக் கலை இயக்கம், மாதத்துக்கு ஒரு கொள்கைப் பிரகடனம் என்று பாரிஸ் அல்லோலகல்லோலப்பட்ட காலம் அது. முந்தைய ஆண்டுதான் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி, 'எதிர்காலவாத' அறிக்கையைப் பிரெஞ்சுப் பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போன தொர்ஜெலெஸ், நண்பர்களோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்.

லோலோவின் வாலில் ஒரு தூரிகையைக் கட்டினார்கள். பின்னால் கித்தானை வைத்தார்கள். முன்னால் கேரட்டை நீட்டினார்கள். தின்பண்டத்தைப் பார்த்த லோலோ சந்தோஷத்தில் வாலை ஆட்ட ஆட்ட, கித்தானில் வண்ணம் விழுந்தது. வண்ணத்தை மாற்றி மாற்றித் தூரிகையில் தோய்த்துக் கொடுத்தது மட்டும்தான் மனிதர்கள் செய்த வேலை.

'இது கட்டுக்கதை' என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அதற்காக நீதிமன்ற அமீனா ஒருவரையே வரவழைத்து, கழுதை வால் ஆட்டியதைப் பக்கத்தில் நின்று பார்க்கவைத்து, அத்தாட்சிப் பத்திரமும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்!

படத்துக்கு வைத்த பெயர், 'ஏட்ரியாட்டிக் கடலில் சூரியன் உறங்கிப்போனது.' ஓவியர் பெயர், இத்தாலியைச் சேர்ந்த ஜோகிம் ரஃபேல் போரொனாலி. பிரெஞ்சுக் கதைகளில் கழுதைக்கு 'அலிபோரோன்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் போரொனாலி! விடையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விடுகதை போட்டிருக்கிறார்கள்.

இயக்கம் என்றால் அறிக்கை வேண்டாமா? அதையும் எழுதினார்கள். இயக்கத்தின் பெயர் 'எக்செஸிவிசம்'. மிகைவாதம் எனலாம். எதையும் அளவுக்கு மீறிச் செய்வதே பலம் என்பதுதான் கொள்கை. நம்மூர் பாஷையில், அதிகப்பிரசங்கிவாதம்!

அந்த ஆண்டு மார்ச்சில், 'சலோன் தெ ஆந்தெபான்தான்' என்ற புகழ்பெற்ற கண்காட்சியில் படம் தொங்கியது. பார்த்தவர்கள் பார்த்தார்கள், விமர்சித்தவர்கள் விமர்சித்தார்கள். கடைசியில் தொர்ஜெலெஸ், அமீனாவின் பத்திரத்தோடு ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குப் போய் உண்மையைப் போட்டு உடைத்தார். அப்புறம் என்ன... கழுதை வரைந்த படத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. படம் 400 ஃபிராங்குக்கு விலைபோக, அந்தப் பணம் கலைஞர்களின் அநாதைக் குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போனது. இன்றும் பிரான்ஸில் அந்த ஓவியம் பத்திரமாக இருக்கிறது.

அதே கண்காட்சி... இன்னொரு சுவர்!

இதுவரை கேட்டால், 'ஆஹா, நவீன ஓவியமே ஏமாற்று வேலைதான்!' என்று தாத்தா தொடையைத் தட்டுவார். அவசரப்பட வேண்டாம். கதையின் மறுபாதி இனிமேல்தான்.

அந்தக் கண்காட்சிக்கு ஒரு விசேஷம் உண்டு. 1884-ல் அது தொடங்கியதே, அரசு ஆதரவு பெற்ற பெரிய கண்காட்சிகளில் நடுவர்கள் தள்ளுபடி செய்த ஓவியர்களுக்காகத்தான். நடுவர் குழு கிடையாது, பரிசு கிடையாது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் படம் மாட்டலாம். அதனால், கழுதையின் படத்தை நிபுணர்கள் யாரும் 'தேர்ந்தெடுத்து' ஏமாறவில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. கழுதையும் உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதே கதவு வழியாக உள்ளே வந்த இன்னொருவர், ஆன்றி ரூசோ. பாரிஸ் நகர எல்லையில் சரக்குகளுக்குச் சுங்கம் வசூலித்த சாதாரண ஊழியர். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1886 முதல் இந்தக் கண்காட்சியில் படம் வைத்துவந்தார். 'குழந்தை வரைந்த மாதிரி இருக்கிறது' என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மனிதர் அசரவில்லை. பிரான்ஸை விட்டு வெளியே போகாமலே, பாரிஸ் தாவரவியல் பூங்காவின் செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்தே அடர்ந்த காடுகளை வரைந்தார்.

கழுதையின் படம் தொங்கிய அதே 1910 கண்காட்சியில்தான் ரூசோவின் 'கனவு' ஓவியமும் தொங்கியது. அந்தச் செப்டம்பரில் அவர் இறந்துபோனார். 'கனவு' இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களில் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். கழுதை நுழைந்துவிடுமே என்று பயந்து கதவைச் சாத்தியிருந்தால், ரூசோவும் வெளியேதான் நின்றிருப்பார்!

வெள்ளைச் சுவர் முன்னே ராஜபாளையம் நாய்

போரொனாலிக்கு முன்பே பாரிஸில் ஒரு கேலிக் கூட்டம் இருந்தது. 1882-ல் ஜூல் லெவி என்பவர் தொடங்கிய 'ஆன்கொஹெராந்' குழு. தமிழில் 'தாறுமாறுக்காரர்கள்' என்று சொல்லலாம். வரையத் தெரியாதவர்களின் படங்களுக்கும் அங்கே வரவேற்பு உண்டு.

அந்தக் குழுவின் அல்போன்ஸ் அலே ஒரு வெறும் வெள்ளை அட்டையை மாட்டினார். ரத்தசோகை பிடித்த சிறுமிகள் பனிக்காலத்தில் தேவாலயத்துக்குப் போகும் காட்சி என்று அதற்குத் தலைப்பு! அடுத்த ஆண்டு முழுச் சிவப்பில் ஒன்று. செங்கடல் கரையில் செவ்வங்கி அணிந்த கார்டினல்கள் தக்காளி பறிக்கிறார்களாம்!

நம்மூர்க்காரர்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்கவே தேவையில்லை. வெள்ளைத் தாளை எடுங்கள். நடுவில் இளஞ்சிவப்பில் ஒரு புள்ளி வையுங்கள். கீழே, 'சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னே நிற்கும் ராஜபாளையம் நாய்' என்று எழுதுங்கள். அந்தப் புள்ளிதான் மூக்கு. முடிந்தது!

ஆனால், வேடிக்கை என்ன தெரியுமா? 1915-ல் ரஷ்ய ஓவியர் மலேவிச், ஒரு கறுப்புச் சதுரத்தை வரைந்து முழு சீரியஸாகக் கண்காட்சியில் மாட்டினார். இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் திருப்புமுனைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அலே இன்னொன்றும் செய்தார். 1897 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினமாகப் பார்த்து, ஒரு காது கேளாதவரின் இறுதி ஊர்வலத்துக்கான இசை என்று வெறும் கோடுகள் மட்டும் கொண்ட ஸ்வரத்தாளை அச்சிட்டார். 1952-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், கலைஞர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் நாலரை நிமிடப் படைப்பை உண்மையாகவே மேடையேற்றினார். அரங்கில் கேட்கும் இருமலும் மழைச்சத்தமும்தான் இசை என்றார்.

நேற்றைய கேலி, நாளைய கொள்கை! இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரே 1874-ல் ஒரு பத்திரிகையாளர் மோனேயின் படத்தைப் பார்த்து நக்கலாக எழுதியதில் பரவியதுதான்.

மனைவிக்காக ஒரு புரட்சி!

கேலி எல்லாம் சும்மா பொழுதுபோக்குக்காக நடப்பதில்லை. சில நேரம், வீட்டில் விழுந்த காயத்துக்கு மருந்தாகவும் நடக்கும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாழ்ந்த எழுத்தாளர் பால் ஜோர்டன் ஸ்மித். அவர் மனைவி சாரா அழகாக வரைவார். ஆனால் அவர் படங்களை, 'பழைய பாணி' என்று ஒரு கண்காட்சியில் ஒதுக்கினார்கள். கணவருக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் தூரிகையே பிடிக்காதவர், 1924-ல் பிடித்தார். தீவு ஒன்றில் ஒரு பெண் வாழைப்பழத் தோலை உயர்த்திக் காட்டுவது போல கோணல்மாணலாக ஒரு படம் வரைந்தார். பாவெல் ஜெர்டனோவிச் என்று ரஷ்யப் பெயர் வைத்துக்கொண்டார். 'டிஸ்அம்ப்ரேஷனிசம்' என்று இயக்கத்துக்கும் பெயர் சூட்டினார். நிழல் போடத் தெரியாததால், 'நிழல் நீக்கு வாதம்'!

1925-ல் நியூயார்க் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டது. பிரெஞ்சுக் கலைப் பத்திரிகை ஒன்று வாழ்க்கைக் குறிப்பும் விளக்கமும் கேட்டுக் கடிதம் போட்டது. மனிதர் தலைமுடியைக் கலைத்து, கண்களை வெறித்து, ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினார். அந்தத் தீவில் பெண்கள் வாழைப்பழம் சாப்பிடத் தடை, அதை மீறிய பெண்ணின் விடுதலைதான் ஓவியம் என்று விளக்கம் வேறு! 1927-ல் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார்.

சிரிப்பு தீயாக மாறினால்...

எல்லாக் கேலியும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. 1913-ல் ஐரோப்பாவின் புதிய ஓவியங்கள் அமெரிக்காவுக்கு வந்தன. சிகாகோ கலைக்கல்லூரி மாணவர்களுக்கு மத்தீஸின் படங்கள் பிடிக்கவில்லை. கண்காட்சி முடிந்த அன்று, 'ஆன்றி ஹேர்மேட்ரஸ்' என்று அவர் பெயரைத் திரித்து, போலி விசாரணை நடத்தினார்கள். ஹேர்மேட்ரஸ் என்றால் ரோமம் அடைத்த மெத்தை. 'கலைக்கொலை' உள்ளிட்ட குற்றங்களுக்குத் தண்டனை விதித்து, அவர் படங்களின் நகல்களைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்.

மாணவர் குறும்புதான். எரிந்தது நகல்தான். அவர்கள் நகலெடுத்து எரித்த 'ப்ளூ நியூட்' ஓவியத்தின் அசல் இன்று பால்டிமோர் அருங்காட்சியகத்தின் பெருமை.

ஆனால், இதே கேலியை ஓர் அரசாங்கம் கையில் எடுத்தால்? 1937 ஜூலையில் ஹிட்லரின் ஜெர்மனி, மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி நடத்தியது. அருங்காட்சியகங்களில் பறித்த சுமார் 650 படைப்புகளைக் கோணலாக மாட்டி, சுவரெல்லாம் நக்கல் வாசகங்கள் எழுதிவைத்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அந்த ஓவியர்களில் பலர் வேலை இழந்தார்கள், நாட்டை விட்டு ஓடினார்கள்.

தெனாலிராமன் ராஜாவைப் பார்த்துச் சிரித்தான். அது நகைச்சுவை. ராஜாவே ஊரைக் கூட்டி ஓர் ஏழைக் கலைஞனைப் பார்த்துச் சிரித்தால், அதற்கு வேறு பெயர். யார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பரோடாவில் ஒரு ஜேம்ஸ் பாண்ட்

நம் நாட்டில் இந்தக் குறும்புக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் பரோடா. அங்கே பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் 1960-களில் தொடங்கிய 'ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேர்' திருவிழாவில், ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் செய்து குறைந்த விலைக்கு விற்றார்கள். அதில் முன்னால் நின்றவர் கே.ஜி.சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை போய், பின்பு சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர். பெரிய ஓவியர் பொம்மை செய்யலாமா என்ற கேள்வியே அவருக்கு இல்லை.

1962-ல் 12 கலைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ரெட்டப்ப நாயுடுவும் அதில் உண்டு. குழுவின் பெயர் 'குரூப் 1890'. அப்படியென்ன வரலாற்று ஆண்டு அது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாவ்நகரில் அவர்கள் கூடிப் பேசிய வீட்டின் கதவு எண் அது! 1963-ல் டெல்லியில் நடந்த அவர்களின் கண்காட்சியைத் திறந்துவைத்தவர் பிரதமர் நேரு.

எல்லோரையும் மிஞ்சியவர் பூபேன் கக்கர். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1972-ல் தன் கண்காட்சிக்கான கையேட்டில், தன்னையே ஜேம்ஸ் பாண்டாகவும் மிஸ்டர் யுனிவர்ஸாகவும் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டார். ஓவியர்கள் கன்னத்தில் கைவைத்து 'ஆழ்ந்த சிந்தனை' போஸ் கொடுக்கும் வழக்கத்துக்கு வைத்த குட்டு அது!

அவர் முதலில் வரைந்தது எதை வைத்து தெரியுமா? கடைத்தெருவில் விற்கும் சாமி படங்களை ஒட்டி. ஆம், சிவகாசி காலண்டர் மாதிரியான படங்கள். 'இதெல்லாம் கலையா?' என்று மற்றவர்கள் முகம் சுளித்ததை அவர் ரசித்தார். வாட்ச் ரிப்பேர் கடைக்காரரையும் தையல்காரரையும் முடிதிருத்துபவரையும் பெரிய கித்தானில் உட்காரவைத்தார். 2016-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது.

தாத்தாவும் பேத்தியும்

ராஜபாளையத்தில் இருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோ ஓவியம் படிக்கக் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள், கிளம்பும்போதே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். "இதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" அந்தக் கேள்வியின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க, ஹாஸ்டல் அறையில் ஓர் இரவு உட்கார்ந்து ஓர் 'இசம்' கண்டுபிடித்துச் சிரிப்பதில் தப்பே இல்லை. கேலி செய்ய வேண்டுமென்றாலும் முதலில் ஓர் ஓவியத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அதன் கொள்கையைப் படிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வது அப்படித்தான்.

அடுத்த லீவுக்கு வரும் பேத்தி, "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்பதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளை நீட்டலாம். "வாங்க தாத்தா, நாம ஒரு இயக்கம் ஆரம்பிப்போம். பால்கோவாயிசம்! சுண்டச் சுண்ட ருசி கூடணும். கிண்டுறதை நிறுத்தினா அடிபிடிச்சிரும். இதுதான் கொள்கை!"

தாத்தா ஒருவேளை சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, தாளின் நடுவே இளஞ்சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கலாம்.

"இது என்ன தாத்தா?"

"நம்ம நாயோட மூக்குடா. மிச்சத்தை நீதான் கற்பனை பண்ணிக்கணும்!"